வீட்டு இணையத்தின் இரண்டு சாவிகள்

கோட்டூர்புரத்தின் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் படிக்கட்டில் நின்று, கைப்பேசியில் வைஃபை இணைப்புகளின் பட்டியலைத் திறந்து பார்ப்பவர் பத்துப் பதினைந்து பெயர்களையாவது அதில் காண்பார். சில பெயர்கள், கருவியைச் செய்த கம்பெனியின் பெயரும் நான்கைந்து எழுத்துகளுமாக, கடையிலிருந்து வந்த கோலத்திலேயே இருக்கும். வேறு சிலவற்றில் குடும்பத் தலைவரின் பெயரும் கதவு எண்ணும் சேர்ந்தே நிற்கும். அடையாற்றின் தென்கரையில் வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்புகளும், அவற்றைச் சுற்றி எழுந்த தனியார் அடுக்குமாடிகளும், ஆற்றோரத்துச் சிறு வீடுகளும் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் பகுதி அது. மேல்வீட்டில் நாற்காலி இழுபட்டால் கீழ்வீட்டில் கேட்கும். வைஃபை அலையும் அவ்வாறே. நம் வீட்டுச் சுவரோடு நின்றுவிட வேண்டும் என்ற நியதி அதற்கு இல்லை.

எரிவாயு அடுப்பின் ரப்பர் குழாய், மின்சாரப் பெட்டியின் ஃபியூஸ், குடிநீர்த் தொட்டியின் மூடி என வீட்டில் கவனிப்பாரற்றுக் கிடக்கும் பொருள்களைப் பற்றியே இப்பகுதியில் நாம் எழுதி வருகிறோம். இம்மாதம் எடுத்துக்கொள்வது, கூடத்தின் மூலையில் பச்சை விளக்கு மின்ன நிற்கும் ரூட்டர் என்ற சிறு பெட்டியை. 2020 மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு வந்தபோது, பிள்ளைகளின் வகுப்புகளும் அலுவலக வேலையும் ஞாயிறு திருப்பலியும் ஒரே சமயத்தில் திரைக்குள் புகுந்துகொண்டன. அதுவரை இணைய இணைப்பே இல்லாதிருந்த வீடுகளும் அவசர அவசரமாக அதைப் பெற்றன. இணைப்புக் கொடுக்க வந்தவர் பெட்டியைச் சுவரில் மாட்டி, கடவுச்சொல்லை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, பணத்தைப் பெற்றுக்கொண்டு போனார். அந்தச் சீட்டு நாட்காட்டியின் பின்புறத்தில் செருகப்பட்டது. அதற்குப் பின் அப்பெட்டியை யாரும் தொடவில்லை. விளக்கு அணைந்தால் மட்டும் ஒருமுறை நிறுத்திப் போடுவார்கள்.

பூட்டாத வைஃபையினால் ஒரு குடும்பத்திற்கு என்ன நேரும் என்பதை நம் நாடு 2008-ஆம் ஆண்டிலேயே கண்டது. அவ்வாண்டு ஜூலை 26-ஆம் நாள் அகமதாபாத் நகரில் தொடர் குண்டுகள் வெடித்தன. முதற்குண்டு வெடிப்பதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பாகப் பத்திரிகை, தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. அது எந்த இணைப்பிலிருந்து புறப்பட்டது என்று தேடிய காவல் துறையினர், நவி மும்பையின் சான்பாடாவில் ஓர் அமெரிக்கர் குடியிருந்த வீட்டின் கதவைத் தட்டினர். அவருடைய கணினிகள் கைப்பற்றப்பட்டன. பல நாள் விசாரணை நடந்தது. உண்மை அறியும் சோதனைக்கும் அவர் உட்படுத்தப்பட்டார். அவர் வீட்டு வைஃபை காப்பின்றித் திறந்து கிடந்தது என்பதும், வெளியாள் ஒருவர் அதைப் பயன்படுத்திக்கொண்டார் என்பதும் பின்னரே தெளிவாயிற்று. அதோடு முடியவில்லை. ஆகஸ்டில் மாதுங்காவிலுள்ள ஒரு கல்லூரியின் இணைப்பிலிருந்தும், செப்டம்பர் 13-ஆம் நாள் தில்லிக் குண்டு வெடிப்பின்போது செம்பூரிலுள்ள ஒரு நிறுவனத்தின் இணைப்பிலிருந்தும் அதே விதமான கடிதங்கள் சென்றன. அடுத்த ஆண்டுத் தொடக்கத்தில் மும்பைக் காவல் துறையினர் திறந்து கிடக்கும் வைஃபைகளைத் தேடித் தெருத்தெருவாகச் சென்றனர். 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறையும், வைஃபை இணைப்புகளைக் காப்புடன் பயன்படுத்தச் செய்ய வேண்டும் என இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தியது.

இங்கே ஒன்றைத் தெளிவாக உணர வேண்டும். இணைய நிறுவனத்தின் பதிவேட்டில் இருப்பது இணைப்பின் உரிமையாளர் பெயரே. அந்த இணைப்பின் வழியாகக் கடிதம் அனுப்பியவர் மகனா, மருமகனா, கீழ்வீட்டு வாடகைக்காரரா, தெருவில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தவரா என்பது அப்பதிவேட்டில் இராது. ஆகவே, முதலில் தட்டப்படும் கதவு நம்முடையதே. பிறகு நம் நிரபராதித் தன்மை விளங்கலாம். ஆனால், காவல் வாகனம் வந்து நின்ற வீடு என்ற பேச்சு அக்கம்பக்கத்தில் எளிதில் மறையாது.

இன்று முற்றிலும் பூட்டில்லாத வைஃபை அரிது என்று நேயர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். ஆனால் பூட்டு இருப்பது ஒன்று, அதன் சாவி எப்படிப்பட்டது என்பது வேறொன்று. அதைவிட முக்கியமாக, இப்பெட்டிக்குச் சாவிகள் இரண்டு. வைஃபையில் சேர்வதற்கான கடவுச்சொல் ஒன்று. அதை எல்லாரும் அறிவர், விருந்தினர் வந்ததும் முதலில் கேட்பதும் அதையே. மற்றொன்று, பெட்டியின் அமைப்புகளையே மாற்றுவதற்கான நிர்வாகக் கடவுச்சொல். அப்படி ஒன்று இருப்பதே பெரும்பாலான குடும்பங்களுக்குத் தெரியாது. முதற்சாவி தெருக்கதவுக்கு என்றால், இரண்டாவது பீரோவுக்கு. தெருக்கதவைப் பூட்டிவிட்டுப் பீரோவின் சாவியை அதன் பூட்டிலேயே தொங்கவிட்டிருக்கிறோம்.

தெருக்கதவின் சாவியை முதலில் பார்ப்போம். நம் குடும்பங்களில் வழக்கமாக வைக்கும் கடவுச்சொல் கைப்பேசி எண், பிறந்த தேதி, அல்லது மகளின் பெயரோடு 123. கைப்பேசி எண்ணில் பத்து இலக்கங்கள் இருக்கின்றனவே, அதை யாரால் ஊகிக்க முடியும் என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 என்ற நான்கு இலக்கங்களில் ஒன்றைக் கொண்டே தொடங்குவதால், இருக்கக்கூடிய எண்கள் மொத்தம் 400 கோடி. நம் வீட்டுக் கைப்பேசி ரூட்டரோடு சேரும் நொடியில் இரண்டுக்கும் இடையே நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன. படிக்கட்டில் நிற்கும் ஒருவர் அவற்றைக் காற்றிலிருந்து பதிவு செய்துகொள்ளலாம். பிறகு தம் வீட்டிற்குச் சென்று, விளையாட்டுக்காக இளைஞர்கள் வாங்கும் விலையுயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டு பொருத்திய கணினியில் ஒவ்வோர் எண்ணாகப் பொருத்திப் பார்க்கலாம். அத்தகைய கருவி நொடிக்குப் பத்து லட்சம் எண்களைச் சோதிக்க வல்லது. 400 கோடியையும் சோதித்து முடிக்க 4,000 நொடிகள், அதாவது ஒரு மணி நேரமும் ஏழு நிமிடமும் போதும். பிறந்த தேதியோ இன்னும் மோசம்; நூறு ஆண்டுகளின் எல்லாத் தேதிகளும் சேர்ந்தே 37,000-க்குள் அடங்கும். கண் இமைக்கும் நேரமும் ஆகாது. இவ்வளவும் நம் ரூட்டரைத் தொடாமலே நடப்பதால் நமக்கு எந்த அறிகுறியும் தெரியாது.

ஆகவே நாம் பரிந்துரைப்பது, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்து சொற்கள். முறம், தபால், ஆமை, கிணறு, பஞ்சு என்பதுபோல் எடுத்து, ஆங்கில எழுத்தில் இடைவெளியின்றி எழுதலாம். (அச்சில் வந்துவிட்ட இதையே வைத்துவிட வேண்டாம், அகராதியைக் கண்ணை மூடித் திறந்து வேறு ஐந்தை எடுங்கள்.) ஐயாயிரம் சாதாரணச் சொற்களிலிருந்து ஐந்தைக் குருட்டாம்போக்கில் எடுத்தாலும், மேற்சொன்ன கருவி அத்தனை சேர்க்கைகளையும் சோதித்து முடிக்க ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகள் ஆகும். பாட்டிக்கும் மனப்பாடம் ஆகும். டாலர் குறி, நட்சத்திரக் குறி என்று திணித்த எட்டு எழுத்தை விட இதுவே மேல். மறைநூலின் புகழ்பெற்ற வசனங்களையும் புனிதர்களின் பெயர்களையும் தவிர்க்க வேண்டும். அவை எல்லார் நினைவிலும் இருப்பவை. கடவுச்சொல் திருடும் பட்டியல்களிலும் இருப்பவை.

வைஃபையின் பெயரும் இதில் சேர்ந்த விஷயமே. டபிள்யு.பி.ஏ.2 என்ற பூட்டு முறையில், பெயரையும் கடவுச்சொல்லையும் ஒன்றாகக் கலந்து 4,096 முறை கணக்கிட்டே சாவி உருவாகிறது. எல்லாருக்கும் பொதுவான கடைப்பெயரையே வைத்திருந்தால், அப்பெயருக்கு முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த அட்டவணைகள் திருடனுக்கு உதவும். எனவே பெயரை மாற்ற வேண்டும். மாற்றும்போது கதவு எண்ணையோ குடும்பப் பெயரையோ அதில் எழுத வேண்டாம். எந்த வீட்டு வாசலில் நின்று கேட்கலாம் என்று நாமே பலகை மாட்டுவானேன்? பெயரை மறைத்து வைத்தால் பாதுகாப்பு என்று சிலர் சொல்வர். அதில் பயன் இல்லை. மறைந்த பெயரை நம் கைப்பேசியே போகுமிடமெல்லாம் அழைத்துத் தேடிக் கொடுத்துவிடும்.

பூட்டு முறையைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் பல பெயர்கள் வரிசையாக நிற்கும். அவற்றில் டபிள்யு.இ.பி. என்பது 1997-இல் வந்தது. 2001-லேயே அதன் குறை வெளிப்பட்டு உடைந்துபோயிற்று. அது பூட்டே அன்று. 2004-இல் வந்த டபிள்யு.பி.ஏ.2, ஏ.இ.எஸ். என்ற துணைப்பெயருடன் இருந்தால் இன்றும் போதுமானது, டி.கே.ஐ.பி. என்ற துணைப்பெயருடன் இருப்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். 2018-இல் வந்த டபிள்யு.பி.ஏ.3 இன்னும் சிறந்தது. காற்றிலிருந்து பதிவு செய்துகொண்டு போய் வீட்டில் ஊகித்துப் பார்க்கும் வித்தை அதில் நடக்காது. ஒவ்வோர் ஊகத்திற்கும் ரூட்டரின் வாசலுக்கே வர வேண்டும். பழைய கைப்பேசியோ தொலைக்காட்சியோ அதில் சேர மறுத்தால், 2-ம் 3-ம் கலந்த முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

டபிள்யு.பி.எஸ். என்றொரு பொத்தான் உண்டு. கடவுச்சொல்லைத் தட்டச்சு செய்யும் சிரமத்தைக் குறைக்கவே அதை வைத்தார்கள். அதற்குள் எட்டு இலக்க எண் ஒன்று இருக்கிறது. பத்துக் கோடி வாய்ப்புகள் இருப்பதாகத் தோன்றினாலும், பெட்டி அந்த எண்ணை முதற்பாதி, இரண்டாம் பாதி எனத் தனித்தனியே சரிபார்க்கிறது. கடைசி இலக்கமோ மற்றவற்றைக் கொண்டு கணக்கிடப்படுவது. ஆக, 10,000-ம் 1,000-ம் சேர்ந்து 11,000 முயற்சிகளே போதும். இக்குறை 2011 டிசம்பரில் உலகறிய வெளியிடப்பட்டது. நம் ஐந்து சொற்கள் எவ்வளவு அருமையாக இருந்தாலும், இப்பொத்தான் இயங்கும்வரை கொல்லைக் கதவு திறந்திருப்பதாகவே பொருள். அமைப்பில் அதை நிறுத்திவிட வேண்டும்.

இனி இரண்டாவது சாவி. ரூட்டரை வைஃபையில் சேர்ந்த எந்தக் கைப்பேசியிலிருந்தும் திறக்கலாம். உலாவியின் முகவரிக் கட்டத்தில் 192.168.1.1 அல்லது 192.168.0.1 என்று எழுதினால் ஒரு பக்கம் வரும். சரியான எண் பெட்டியின் அடிப்புறச் சீட்டில் இருக்கும். அப்பக்கம் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். பல பெட்டிகளில் இரண்டுக்கும் ‘அட்மின்’ என்ற ஒரே சொல்லே விடை. அண்மைக்காலப் பெட்டிகள் சிலவற்றில் ஒவ்வொன்றுக்கும் தனிக் கடவுச்சொல்லை அச்சிட்டு ஒட்டுகிறார்கள். நல்ல முன்னேற்றமே. எனினும், கூடத்திற்கு வரும் எவரும் படிக்கும்படி ஒட்டியிருக்கும் சீட்டைச் சாவி என்று சொல்வதற்கில்லை.

‘அட்மின்’ என்ற அந்தச் சொல் உலகை எவ்வளவு அலைக்கழித்தது என்பதை அறிந்தால் நேயர்கள் வியப்பர். 2016-இல் மிராய் என்ற தீநிரல் ஒன்று பரவியது. அதில் பெரிய தந்திரம் ஏதும் இல்லை. கம்பெனிகள் வைத்து அனுப்பும் பயனர் பெயர், கடவுச்சொல் இணைகள் சுமார் 60-ஐப் பட்டியலாக வைத்துக்கொண்டு, இணையத்தில் எதிர்ப்படும் ரூட்டர், கேமரா ஒவ்வொன்றிலும் அவற்றைப் போட்டுப் பார்த்தது. மாற்றாமல் விடப்பட்ட பெட்டிகள் லட்சக்கணக்கில் அதன் வசமாயின. அவ்வாறு திரட்டப்பட்ட படை அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் பெயர்த்தேடல் நிறுவனம் ஒன்றைத் தாக்கியபோது, அமெரிக்காவில் புகழ்பெற்ற தளங்கள் பலவும் மணிக்கணக்கில் முடங்கின. அதை எழுதியவர்கள் இருபது வயதைச் சற்றே கடந்த மூன்று இளைஞர்கள். 2017 டிசம்பரில் அவர்கள் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அதே தீநிரலின் வேறொரு வடிவம் 2016 நவம்பரில் ஜெர்மனியில் ஏறத்தாழ 9 லட்சம் வீடுகளின் இணைப்பைக் குலைத்தது.

இதெல்லாம் அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்க முடியாது. 2017 ஜூலை இறுதியில் நம் நாட்டின் பி.எஸ்.என்.எல். பிராட்பேண்ட் மோடம்கள் ஆயிரக்கணக்கில் தீநிரல் ஒன்றால் செயலிழந்தன. பாதிக்கப்பட்டவை எவை என்று பார்த்தபோது, ‘அட்மின்’ என்ற பழைய கடவுச்சொல்லை மாற்றாதவையே. வாடிக்கையாளர்கள் உடனே கடவுச்சொல்லை மாற்றிக்கொள்ளும்படி அந்நிறுவனம் வேண்டுகோள் விடுத்தது. அவ்வீடுகளில் எத்தனையோ பேர் வைஃபைக்கு நல்ல கடவுச்சொல் வைத்திருந்திருப்பர். முதற்சாவி பத்திரமாக இருந்தும் பயனில்லாமற் போயிற்று.

இரண்டாவது சாவி பிறர் கைக்குப் போனால் விளையும் கேட்டில், இணைப்பு நின்றுபோவது சிறியதே. நின்றால் தெரிந்துவிடும். நிற்காமல் நடக்கும் கேடே பெரிது. நாம் ஒரு வங்கியின் பெயரை எழுதியதும், அது இணையத்தில் எந்த எண்ணில் இருக்கிறது என்று டி.என்.எஸ். என்ற பெயரேட்டைக் கேட்டு அறிந்தே நம் கருவி அங்கே செல்கிறது. எந்தப் பெயரேட்டைக் கேட்பது என்பது ரூட்டரில் எழுதியிருக்கும். அதை ஒருவர் மாற்றி எழுதிவிட்டால், நாம் சரியான பெயரையே எழுதினாலும் போலி வாசலுக்கு அழைத்துச் செல்லப்படலாம். பிரேசில் நாட்டில் இது நடந்தது. 2011-இல் தொடங்கிய ஒரு தாக்குதலில், மோடம் ஒன்றின் உள்நிரலில் இருந்த குறையைப் பயன்படுத்தி 45 லட்சம் மோடம்களின் பெயரேட்டு எண்களை மாற்றிவிட்டார்கள். வீட்டிலிருந்தோர் கணினியைத் துடைத்துத் துடைத்துச் சோதித்தனர்; கோளாறோ மூலையிலிருந்த பெட்டியில் இருந்தது. பாதுகாப்புப் பூட்டுச் சின்னம் வரவில்லை, அல்லது சான்றிதழ் சரியில்லை என்று வங்கிப் பக்கத்தில் உலாவி எச்சரித்தால், ‘பரவாயில்லை, போ’ என்ற பொத்தானை அழுத்தாமல் நிற்பதே அப்போது நம்மைக் காப்பது.

ஆகவே நிர்வாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். அது வைஃபைக் கடவுச்சொல்லைப்போல் இராமல் வேறாக இருக்கட்டும். வீட்டில் இருவர் மட்டும் அறிந்திருந்தால் போதும். அதே பக்கத்தில் ‘ரிமோட் மேனேஜ்மென்ட்’ என்பது இயங்கினால் நிறுத்திவிடுங்கள். வெளியூரிலிருந்து நம் பெட்டியின் அமைப்பைத் திறக்க வேண்டிய தேவை நமக்கு இல்லை. வேறு யாருக்கும் இருக்கவும் கூடாது. இணைய நிறுவனம் தன் பெட்டியைப் பழுது பார்க்க வைத்திருக்கும் வழி தனியானது. அதை நாம் தொட வேண்டாம். யு.பி.என்.பி. என்பதையும் நிறுத்தலாம். பையனின் கணினி விளையாட்டு அதன்பின் தடைப்பட்டால் அவனே வந்து சொல்வான். நிர்வாகக் கடவுச்சொல்லைத் தன்வசமே வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்குத் தராத நிறுவனங்களும் உண்டு. அப்படியானால் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். மாதந்தோறும் பணம் கட்டுகிறவர்க்கு அந்த உரிமை உண்டு.

உள்நிரலைப் புதுப்பிப்பதும் இதே பக்கத்தில் நடக்கும் வேலையே. பிரேசிலில் நடந்தது கடவுச்சொல்லை மாற்றுவதால் மட்டும் தடுக்கக்கூடியதாக இருக்கவில்லை. 2017 அக்டோபரில் டபிள்யு.பி.ஏ.2 முறையிலேயே ஒரு குறை கண்டறியப்பட்டது. கண்டவர் பெல்ஜியத்தின் லூவென் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் மாத்தி வான்ஹோஃப்; 1425-இல் பாப்பரசர் ஐந்தாம் மார்ட்டினின் ஆணையால் தோன்றிய பல்கலைக்கழக மரபு அது என்பதை நம் நேயர்கள் அறிய விரும்பலாம். அக்குறை ரூட்டரைவிடக் கைப்பேசிகளையே அதிகம் பாதித்தது. எனவே, புதுப்பிக்கும்படி கைப்பேசி நினைவூட்டும்போதெல்லாம் ‘பிறகு’ என்று ஒதுக்குவதும் நல்லதன்று. பல ஆண்டுகளாகக் கம்பெனி புதுப்பிப்பே வெளியிடாத பழைய ரூட்டரை, விளக்கு எரிகிறது என்பதற்காக வைத்திருப்பது சிக்கனம் ஆகாது.

வேகம் குறைகிறது என்ற குறை அடுக்குமாடிகளில் பொதுவானது. பெரும்பாலும் அது நிறுவனத்தின் குற்றமன்று, நெரிசலே. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பதின்மூன்று தடங்கள் இருந்தும், ஒன்றோடொன்று மோதாதவை 1, 6, 11 என்ற மூன்று மட்டுமே. பதினைந்து வீடுகள் அந்த மூன்றைப் பங்கிட வேண்டியிருக்கிறது. மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் இயங்குகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இடம் அதிகம். 2018-இல் மத்திய அரசு அதன் பெரும்பகுதியை உரிமமின்றிப் பயன்படுத்த அனுமதித்தது. அது சுவரைத் தாண்டுவதில் சற்றுச் சோம்பல் உடையது. அடுக்குமாடிவாசிக்கு அதுவும் ஒரு நன்மையே, நம் அலை நம் வீட்டோடு பெரும்பாலும் நிற்கும். பெட்டியை இரும்பு பீரோவுக்குப் பின்னாலோ தண்ணீர்த் தொட்டிக்கு அருகிலோ வைக்காமல், வீட்டின் நடுவில் சற்று உயரத்தில் வைக்க வேண்டும். சில வீடுகளில் திரு இருதய ஆண்டவர் படத்தின் விளக்குக்காக இழுத்த மின்சார இணைப்பு கைக்கு எட்டுகிறது என்பதற்காக ரூட்டரும் அங்கேயே குடியேறியிருக்கிறது. உயரம் என்னவோ பொருத்தமான உயரமே.

கருவிகளின் எண்ணைப் பதிந்து, அவற்றை மட்டும் அனுமதிக்கும் வசதியைச் சிலர் பெரிதாகச் சொல்வர். அந்த எண் காற்றில் வெளிப்படையாகவே செல்கிறது. இன்றைய கைப்பேசிகளோ அதைத் தாமே மாற்றிக்கொள்கின்றன. அதில் உழைக்க வேண்டாம்.

விருந்தினர்க்கான தனி வைஃபையோ உண்மையில் உழைப்புக்குத் தகுதியானது. பெரும்பாலான ரூட்டர்களில் ‘கெஸ்ட்’ என்ற பெயரில் இரண்டாவது வைஃபை ஒன்றை உண்டாக்கலாம். அதில் சேர்பவர்க்கு இணையம் கிடைக்கும். நம் கணினிகளும் ரூட்டரின் நிர்வாகப் பக்கமும் கிடைக்கமாட்டா. தொலைக்காட்சி, வாசல் கேமரா போன்றவற்றையும் அதிலேயே சேர்ப்பது நல்லது. மிராய் தீநிரல் முதலில் நுழைந்தது அத்தகைய கேமராக்கள் வழியாகவே.

இவ்விடத்தில் வாசகர் சிலரின் உள்ளம் உறுத்தும். பக்கத்து வீட்டுப் பிள்ளை தேர்வுக்குப் படிக்கிறது, அவர்களால் இணைப்பு வாங்க முடியவில்லை. கடவுச்சொல்லைக் கொடுத்தால் தவறா? ஊரடங்குக் காலத்தில் ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் பங்கிட்டுப் படித்த வீடுகளை நாம் அறிவோம். அப்படிப்பட்ட வீட்டின் பக்கத்தில் இருந்துகொண்டு, சட்டத்தையும் தீநிரலையும் காட்டிக் கதவைச் சாத்துவதை நாம் பரிந்துரைக்கமாட்டோம். ஆனால் கொடுப்பதிலும் முறை உண்டு. பொது வைஃபையின் கடவுச்சொல்லைத் தராமல், விருந்தினர் வைஃபையில் அவர்களுக்கென்று ஒன்றை வைத்துக் கொடுங்கள். யாரிடம் கொடுத்தோம் என்பது நினைவிருக்கட்டும். பெற்றோரிடம் கொடுங்கள், பிள்ளையிடம் அன்று. பிள்ளை தன் நண்பர்களுக்குச் சொல்லும், அவர்கள் தம் நண்பர்களுக்குச் சொல்வர். படிப்பு முடிந்ததும் மாற்றிவிடுங்கள். அவ்வாறு கொடுத்த இணைப்பில் நடப்பவற்றுக்கும் கேள்வி நம்மிடமே வரும் என்பதை மறைக்க முடியாது. ஆகையால், அறிந்தவர்க்குக் கொடுப்பதும் அறியாதவர்க்கு மறுப்பதும் இங்கே தகும்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பற்றியும் ஒரு சொல். ரூட்டரில் எழுதும் பெயரேட்டு எண்ணை நன்மைக்கும் பயன்படுத்தலாம். 1.1.1.3 என்பது கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென இலவசமாகத் தொடங்கியது. ஆபாசத் தளங்களையும் தீநிரல் தளங்களையும் அது திறக்காது. அதை ரூட்டரில் எழுதினால் வீட்டின் எல்லாக் கருவிகளுக்கும் பொருந்தும். இரவு பத்து மணிக்குமேல் குறிப்பிட்ட கருவிகளுக்கு இணையத்தை நிறுத்தவும் பல ரூட்டர்களில் வசதி உண்டு. கைப்பேசியின் சொந்த சிம் கார்டு இணைப்புக்கு இவையெல்லாம் பொருந்தா என்பதைப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் ஏற்கெனவே அறிந்திருப்பர்.

இவ்வளவையும் செய்ய ஒரு சனிக்கிழமைப் பிற்பகல் போதும். வைஃபைக் கடவுச்சொல்லை மாற்றியதும் வீட்டின் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் துண்டிக்கப்படும். ஒவ்வொன்றாகத் திரும்பச் சேர்க்க வேண்டும். மகனின் இணையவழித் தேர்வுக்கு முந்தின இரவை இதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டாம். தொடங்குமுன், இணைய நிறுவனம் தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஏதேனும் குழம்பினால், பெட்டியின் பின்புறச் சிறு துளையில் ஊசியால் பத்து நொடி அழுத்தினால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஆனால் அந்த விவரங்களும் சில பெட்டிகளில் அழிந்துபோகும். எழுதிய தாளை ரேஷன் அட்டையும் வீட்டு வரி ரசீதும் இருக்கும் கோப்பில் வையுங்கள். நாட்காட்டியின் பின்புறம் வேண்டாம்.

வாடகைக்கு விட்ட பகுதியில் இருந்தவர் காலி செய்யும்போது வெள்ளையடிப்பதோடு இரண்டு சாவிகளையும் மாற்ற வேண்டும். பழைய ரூட்டரைக் காயலான் கடைக்குப் போடுமுன் அதே துளையில் ஊசியை அழுத்தி அதன் நினைவை அழித்துவிட வேண்டும். நம் வைஃபைக் கடவுச்சொல் அதற்குள் அப்படியே இருக்கும். கைப்பேசியிலோ கணினியிலோ தீநிரல் புகுந்ததாக ஐயம் எழுந்தால், மத்திய அரசு 2017-இல் தொடங்கிய சைபர் ஸ்வச்சதா கேந்திரத்தின் தளத்தில் அவற்றைச் சுத்தம் செய்யும் கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. வங்கிப் பணம் போய்விட்டதாகத் தெரிந்தால் ஒரு நிமிடமும் தாமதியாமல் 1930 என்ற எண்ணை அழையுங்கள். பணம் கைமாறிப் போகுமுன் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்திலேயே அதிகம்.